கருங்கல் கூறும் பழங்கதை

கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே கோவளம் செல்லும் சாலையில் உப்பளங்களும் கழிவெளியும் விரிந்து கிடக்கின்றன. மேற்கே வண்டலூர் செல்லும் சாலையிலோ கருங்கற் குன்றுகள் தலைகாட்டுகின்றன. கரையில் நேற்றுப் படிந்த மணல். குன்றிலோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமை!

பல்லாவரம், பரங்கிமலை வரை பரவியுள்ள இக்கல்லுக்குச் 'சார்னகைட்' என்று பெயர். 1690-களில் கல்கத்தாவில் மறைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இவ்வினத்ததே எனக் கண்ட புவியியலறிஞர் தாமஸ் ஹாலண்டு, அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். புனித தோமையாரின் நினைவைத் தாங்கும் மலையில் ஏறும் நம்மில் எத்தனை பேர் காலடிப் பாறையை உற்று நோக்கியிருப்போம்?

நீலச் சாம்பல் நிறப் பாறையினூடே சில இடங்களில் கருநிறப் பட்டைகள் ஓடுகின்றன. கல்லுடைக்கும் முதியவர் ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அது வேறே கல்லுங்க ஐயா, தட்டினா சத்தமே வேறே" என்றார். அவர் செவி பொய்க்கவில்லை.

நிலத்தடியில் உண்டான பிளவுக்குள் எரிகுழம்பு புகுந்து, இறுகி, சுவர்போல் நிற்பதை 'டைக்' என்பர். ஃபெல்ஸ்பாரும் பைராக்சீனும் அதன் முதன்மையான கனிமங்கள். பின்னாளில் அச்சுவர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அகப்பட்டால், கல் உருகாமலே கனிமங்கள் மாறுகின்றன. குறைந்த வெப்பத்தில் நீர் புகுந்தால் பச்சை நிறக் குளோரைட்டும் எபிடோட்டும் தோன்றும். 500 பாகை செல்சியசுக்கு மேல் கருநிற ஹார்ன்பிளெண்டு உண்டாகும். 700, 800 பாகையை எட்டி நீரும் வற்றினால், அது சிதைந்து இருவகைப் பைராக்சீன் பிறக்கும். அழுத்தமும் மிகுந்தால், கோமேதகத்தின் இனமான கார்னெட், பைராக்சீனுக்கும் ஃபெல்ஸ்பாருக்கும் இடையே செந்நிற வளையமாக அமையும். முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட அவ்வளையமே சிறந்த சான்று. பழையதும் புதியதும் அருகருகே இருப்பதால், எது முன், எது பின் என்று அறிந்துவிடலாம்.

வீடு தீப்பற்றிய பின் வாங்கிய நாற்காலியில் கருகல் இராதன்றோ? அதுபோலவே கனிமம் மாறிய டைக் பெருவெப்பத்திற்கு முந்தியது, மாறாதது பிந்தியது. பல்லாவரத்துக் கரும்பட்டைகளில் இருவகைப் பைராக்சீனும் உண்டு. அவற்றுட் சில பழைய டைக்குகளின் எச்சம் எனக் கொள்ள இடமுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் 237 கோடி ஆண்டு முதிய டைக்குகள் பல, பெரிதும் மாறாமலே நிற்கின்றன. ஆகவே அப்பெருவெப்பம் அதற்கு முன்னரே தணிந்துவிட்டது என்பது தெளிவு. நம் கல்லறைத் தோட்டங்களில் பளபளக்கும் கறுப்புப் பலகைகளுட் பல, இத்தகைய டைக்குகளிலிருந்து அறுத்தெடுத்தவையே.

பரங்கிமலைச் சார்னகைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளனர். ஆனால், சுற்றியுள்ள குன்றுகள் பல ஜல்லியாகி, இன்று நீர் தேங்கிய பள்ளங்களாக உள்ளன. வீடு கட்ட ஜல்லி வேண்டும். கல்லுடைப்போர்க்குக் கூலியும் வேண்டும். அதை மறுப்பதற்கில்லை. எனினும் கரும்பட்டை ஓடும் பாறை ஒன்றிரண்டையேனும் விட்டுவைக்கலாகாதா? உடைத்த ஏட்டை மீண்டும் எழுத எவராலும் இயலாது.

அடுத்த முறை பரங்கிமலைக்குக் குடும்பத்தோடு செல்லும்போது, படியோரப் பாறையருகே சற்று நின்று, குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள்.