அண்ணன் இன்று நம் தெருவில்

தேர்தல் நேரத்தில் புதுச்சேரியின் ஏம்பலம் பக்கம் கைப்பேசி வைத்திருப்பவருக்குத் தனிமை என்பதே கிடையாது. பொழுது விடிவதற்குள் வேட்பாளரின் அன்றைய பயணத்திட்டம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்துவிடும். எந்தக் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார், வெயில் ஏறுவதற்குள் எந்தெந்தத் தெரு, மாலையில் எந்த முனையில் பேச்சு என்று எல்லாம் இருக்கும். மதியத்துக்குள் படங்கள் வரும்: ஆரத்தித் தட்டு, சால்வை, இடுப்பில் யார் வீட்டுக் குழந்தையோ. இரவில் சினிமாப் பாட்டோடு ஒரு வீடியோ, தலைப்பு ‘இன்றைய எழுச்சி’.

கட்சி எதுவானாலும் நடை ஒன்றுதான். அண்ணன் வருவார், அண்ணன் குறை கேட்பார், அண்ணன் கண்கலங்குவார். எதிரே நின்ற கிழவி என்ன குறை சொன்னாள் என்பது மட்டும் எந்தச் செய்தியிலும் வராது. அவள் சொன்னது பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களுக்கான சிவப்பு ரேஷன் கார்டு பற்றியோ, ரேஷன் கடை மூடிக் கிடந்த காலத்தில் அரிசிக்குப் பதில் வங்கியில் விழுந்த பணம் பற்றியோ இருக்கும். அதை எழுதினால் படத்தின் அழகு கெட்டுவிடும் போலிருக்கிறது.

எங்கள் ஊர்க் கணக்கில் இந்தச் செய்திகளே கொஞ்சம் வேடிக்கையானவை. 2021 தேர்தலில் புதுச்சேரி முழுவதற்கும் வாக்காளர்கள் சுமார் பத்து லட்சம் பேர், தொகுதிகள் 30. ஆக, ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு தொகுதியின் சராசரி இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அங்கே வேட்பாளரை நேரில் பார்க்காதவருக்குப் படம் தேவைதான். இங்கே அண்ணன் வந்துபோன தெருவில்தான் நாமும் குடியிருக்கிறோம். ‘அலைகடலென’ என்று எழுதிய கூட்டத்தில் நம் தெருக்காரர் எத்தனை பேர், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவர் எத்தனை பேர் என்பது திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். பிறகு யாருக்காக அனுப்புகிறார்கள்? வாக்காளருக்காக இல்லை என்பது என் எண்ணம். கூடவே சுற்றுகிற பையன்கள் மனம் தளராமல் இருக்க வேண்டும்; ‘நாம்தான் ஜெயிக்கிறோம்’ என்று அவர்களுக்குத் தினமும் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான்.

ஆனால் இந்தக் குப்பைக்குள் ஒரு பொக்கிஷமும் உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1968-ல், அடுத்தது 2006-ல். அப்போது தேர்வானவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்த பிறகு, எங்கள் ஊர்களின் உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று எவரும் இல்லை, அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். தெருவிளக்கு எரியவில்லையா, வாய்க்கால் அடைத்துக்கொண்டதா, சட்டமன்ற உறுப்பினரின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதனால் எங்கள் வேட்பாளர்கள் வார்டு உறுப்பினரைப் போலவும் வாக்குறுதி தருகிறார்கள். ‘உங்கள் தெரு சிறுபாலம் மூன்று மாதத்தில்’ என்று உற்சாகத்தில் எவனோ ஒரு பையன் குழுவில் தட்டிவிடுகிறான் பாருங்கள், பல தெருக்களுக்கு எழுத்தில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

2021-ல் எல்லாமே அவசரம். பிப்ரவரி 22 அன்று முதல்வர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, நடுவில் கொரோனா. தனித்தொகுதியான ஏம்பலத்தில் அமைச்சராக இருந்த கந்தசாமி காங்கிரஸ் சார்பில் நின்றார். வென்றவர் என்.ஆர்.காங்கிரஸின் லட்சுமிகாந்தன். அந்த மார்ச் மாதத்தில்தான் வேட்பாளர் செய்தி என்கிற சங்கதி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

புதுச்சேரி வாக்காளர்கள் பலருக்குக் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தட்டினால் பாரதிய ஜனதா கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் சேரலாம். அந்தந்தப் பகுதி வாக்காளருக்கு அந்தந்தக் குழு. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி வருகிறது, இந்த எண்கள் கட்சிக்கு எப்படிக் கிடைத்தன என்று கேட்டு, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் ஆனந்த் வழக்குப் போட்டார். எங்கள் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வாங்கிய எண்கள் என்றது கட்சி. தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜியும் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தியும் கேட்ட அமர்வு புகாரை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை; ஆதார் ஆணையமும் பதில் சொல்ல வேண்டும் என்றது. அதனால் தேர்தல் நின்றுவிடவில்லை. குறித்த நாளில் நடந்தது.

அந்த வழக்கு என்னை யோசிக்க வைத்தது வேறு விதமாக. நம்மைப் பற்றிய விவரம் கட்சிக்காரர் கையில் இருப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. வாக்காளர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கும் பூத் கமிட்டி ஆளுக்குத் தெரியாதது எது? யார் திருப்பூரில் வேலை பார்க்கிறார், யார் செத்தும் பட்டியலில் உயிரோடு இருக்கிறார், எந்த மருமகளின் ஓட்டு இன்னும் அம்மா வீட்டு ஊரில் கிடக்கிறது, எல்லாம் அத்துப்படி. ஆனால் அவர் நம் ஊர்க்காரர். வாய் மீறிப் பேசினால் ‘உன் வேலையைப் பார்றா’ என்று திட்டலாம். மறுநாள் சாவு வீட்டில் பக்கத்தில் நின்று தோள் கொடுப்பார். குறுஞ்செய்தியைத் திட்ட முடியாது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஒன்று நம் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வேட்பாளர் எழுதுகிற இன்னொரு தினசரிச் செய்தியும் உண்டு. அதை ஆதரவாளருக்கு அனுப்புவதில்லை. மனுத்தாக்கல் செய்த நாளிலிருந்து அன்றாடச் செலவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2021-ல் எங்கள் தொகுதிக்கு உச்சவரம்பு 22 லட்சம். செலவினப் பார்வையாளரிடம் மூன்று முறை காட்ட வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக் கணக்கும் போக வேண்டும். நாற்காலி, டீ, மைக் செட், ஜீப் வாடகை ஒவ்வொன்றுக்கும் தேர்தல் அதிகாரியிடம் விலைப்பட்டியல் இருக்கிறது. கூட்டத்தை வீடியோ எடுத்துப் போய், அதில் நாற்காலியை எண்ணித் தனியாக ஒரு நிழல் பதிவேடு எழுதவும் ஆள் இருக்கிறார்கள். பாவம், தேர்தலில் அலைகடலை உட்கார்ந்து எண்ணுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இப்போது வேட்பாளரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரே மாலைக் கூட்டத்தைப் பற்றி அவர் இரண்டு பேருக்கு எழுத வேண்டும். ஆதரவாளருக்கு எழுதும்போது கூட்டம் பெருகப் பெருக நல்லது. தேர்தல் ஆணையத்துக்கு எழுதும்போது கூட்டம் சுருங்கச் சுருங்க நல்லது. குழுச் செய்தியில் இடம் போதாமல் நின்ற ஜனம் பதிவேட்டில் வாடகை நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும், அதுவும் காலி நாற்காலிகளோடு. எந்தக் கட்சிக்காரருக்கும் இது பொருந்தும் என்பதால் யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

அந்தக் கணக்கை வாக்காளர் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; தேர்தல் நடத்தை விதிகளில் அதற்கு வைத்த கட்டணம் ஒரு ரூபாய். ஒரு கையில் கணக்கு, ஒரு கையில் குழுவில் வந்த படங்கள் என்று வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் படித்தால் எப்படியிருக்கும் என்று டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன். பெஞ்சில் இருந்தவர் கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்: “அந்த ஒரு ரூபா கெடக்கட்டும் சார். பாண்டிக்குப் போய் வர பஸ் காசு எந்தக் கட்சி தரும்?”