மூன்று மார் நீளத் தோழிக்கு

அன்புள்ள கயாக்கே,

உனக்கு நான் பல கடன்கள் பட்டிருக்கிறேன். நீர்மேல் நாம் இருவரும் தனியாக இருக்கும்போது அவற்றை மனத்துக்குள் எண்ணிப் பார்த்ததுண்டு. இன்று எழுதியே வைத்துவிடுகிறேன். யாராவது பக்கத்தில் நின்று கேட்டால் கேட்கட்டும். என் பேச்சு உன்னோடுதான்.

தோழி, முதல் நன்றி உன் எடைக்கு. நீ 14 கிலோ. கடையில் வாங்கும் கண்ணாடியிழைக் கடற்கயாக் சுமார் 25 கிலோ வரும். அதைக் காரின் கூரையிலிருந்து இறக்க இன்னொருவரின் கை வேண்டும். உன்னை நான் ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாசி படிந்த பாறைகளில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, தனியாகவே கரைக்கு இறங்கிவிடுவேன். கணவர் ஓய்வாக இருக்கிறாரா, நண்பர்களுக்கு நேரம் உண்டா என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வேலை முடிந்த கோடை மாலையில், வெளிச்சம் இன்னும் நாலைந்து மணி நேரம் மிச்சமிருக்கையில், நினைத்தவுடன் கடலுக்குப் போகலாம். நடுவயதுப் பெண் ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது உனக்குத் தெரியும்.

தோழி, நீ என்னை அளந்து பிறந்தவள். உன் இரு மேற்சட்டங்களின் நீளம், கைகளை விரித்து நின்றால் என் மாரில் ஏறத்தாழ மூன்று. உன் அகலம் என் இடுப்பும், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கைமுட்டியும். துடுப்பு ஒரு மாரும் ஒரு முழமும். கிரீன்லாந்தின் இனுயிட் வேடர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் தங்கள் படகை அளந்தார்கள். அந்த முறைகளை எச். சி. பீட்டர்சன் தொகுத்து எழுதியதால்தான் நோர்வேயின் ஒரு மரப்பட்டறையில் அவை என் கைக்கு வந்துசேர்ந்தன. எனக்குச் சட்டை தைத்தவர்கள்கூட இவ்வளவு பொறுமையாக என்னை அளந்ததில்லை. குட்டை, அகலம், கை நீளம் போதாது என்று பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்த உடம்பு இது. உன்னைக் கட்டிய வாரங்களில் இதன் ஒவ்வோர் அளவும் தேவைப்பட்டது. எந்த அளவும் பிழையென்று யாரும் சொல்லவில்லை. இந்த உடம்புக்கு நீ கொடுத்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

தோழி, வளைந்து கொடுக்கவும் நீயே கற்றுத் தந்தாய். உன் எலும்புக்கூட்டில் ஆணி கிடையாது. பைன் மரச் சட்டங்களில் துளையிட்டு, நீராவியில் வேகவைத்த ஆஷ் மரக் குச்சிகளைச் சூடு ஆறுவதற்குள் வளைத்து, படகின் விலாக்களான வங்குக்கால்களாகப் பொருத்தினோம். தாமதித்தால் மரம் முறியும், அவசரப்பட்டாலும் முறியும். பிறகு ஒவ்வொரு சந்திப்பையும் மெழுகிட்ட நூலால் கட்டினோம். முடிச்சுகள் ஏன் என்று நீரில் இறங்கியதும் புரிந்தது. குறுக்கலை வந்து மோதும்போது நீ முழுதாக ஒருமுறை முறுகி, அலையைப் போகவிட்டு, பழைய நிலைக்கு வந்துவிடுகிறாய். எங்கள் தமிழ்க் கடற்கரையின் கட்டுமரமும் கயிற்றால் கட்டப்பட்டதுதான். கரையேறியதும் அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். இரு வேறு கடல்களில், ஒருவரையொருவர் அறியாதவர்கள், கட்டு ஆணியைவிட நம்பத்தக்கது என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். உன் மடியில் உட்கார்ந்துதான் அந்த இருவரையும் ஒருசேர நினைத்தேன்.

தோழி, உன் முன்னோர்களின் மரத்துக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். படகு கட்டும் அளவுக்கு மரம் வளராத கரை கிரீன்லாந்து. சைபீரியாவின் பெரிய ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் வடதுருவக் கடலின் பனியில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் மிதந்து, அந்தக் கரையில் ஒதுங்கும். யாரோ ஒருவர் அந்தக் கட்டையைத் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, இதில் மேற்சட்டம் இருக்கிறது, இதில் வங்கு இருக்கிறது என்று பிரித்து எடுத்து வைத்திருப்பார். கிடைத்தது கொஞ்சம், வீணாக்க ஒரு துண்டும் இல்லை. உன் மெலிவு அந்தச் சிக்கனத்திலிருந்து வந்தது. கேட்டால் மரம் வந்து இறங்கும் நாட்டில் இருந்துகொண்டு நான் உன்னைக் கட்டினேன். ஆனாலும் சீவித் தள்ளிய ஒவ்வொரு சுருளிலும் அந்தக் கரைகளின் நினைவு இருந்தது.

தோழி, உன் தையலுக்காக நான் வணங்க வேண்டியவர்கள் பெண்கள். வேடன் எலும்புக்கூட்டைக் கட்டுவான். மயிர் நீக்கிய கடல்நாய்த் தோலை அதன்மேல் போர்த்தித் தைப்பது பெண்களின் வேலை. தோல் ஈரமாக இருக்கும்போதே இழுத்துத் தைத்துவிட வேண்டும். காயக் காய அது தானே இறுகும். விலங்கின் தசைநார்தான் நூல். ஊசி ஒரு தோலைத் துளைத்து, அடுத்த தோலின் பாதித் தடிப்போடு நின்று திரும்ப வேண்டும். முழுதும் துளைத்தால் நீர் கசியும். அந்த வேடன் மாலையில் வீடு திரும்புவது அவர்கள் விரல்களின் நிதானத்தில் இருந்தது. நான் உனக்குப் போர்த்தியது நைலோன். மேலே பூசியது பொலியூரித்தேன். என்றாலும் உன் நடுமுதுகில் அந்த நீண்ட தையலைப் போட்ட இரவுகளில், விளக்கொளியில் குனிந்திருந்த அந்தப் பெண்களின் வரிசையில் எனக்கும் ஓர் இடம் கொடுத்தாய். அவர்கள் தைத்தார்கள், பெரும்பாலும் ஆண்கள் செலுத்தினார்கள். உன்னைத் தைத்தவளும் நான், செலுத்துகிறவளும் நான். இந்தப் பேறும் உன்னால் வந்தது.

தோழி, இதை உன்னிடம்தான் முழுதாகச் சொல்ல முடியும். 1990களின் தொடக்கத்தில், போரால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறத் தரைவழி இல்லாதிருந்த காலத்தில், கிளாலியில் இரவோடிரவாகப் படகேறி நீரேரியைக் கடந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. படகில் வெளிச்சம் இல்லை. அம்மா என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். என் காதுக்கு அருகில், ஒரு பலகைக்கு அப்பால், நீர் மோதிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் அதன்பின் வருடக்கணக்காக என் நெஞ்சு இறுகும். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால் நான் மணலிலேயே இருந்துவிடுவேன். இன்று உன் மெல்லிய தோலுக்கு அப்பால், என் கெண்டைக்காலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில், அதே சத்தம் கேட்கிறது. இப்போது துடுப்பு என் கையில் இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று நான் சொல்கிறேன், நீ போகிறாய். ஒரு கடலை எனக்குத் திருப்பித் தந்தவள் நீ.

தோழி, கவிழ்ந்தாலும் மீளலாம் என்பதை என் உடம்பு உன்னிடம் கற்றது. உன் முன்தளத்தில், என் தொடைகளுக்கு மேலே வளைந்து நிற்கும் மாசிக் என்ற அந்தக் குறுக்குமரத்தில் முழங்காலை முட்டுக்கொடுத்துத்தான் நான் உன்னைப் பற்றிக்கொள்கிறேன். தலைகீழாகக் குளிர்நீரில் தொங்கும்போது எழுந்துவிடத் துடிப்பது தலைதான். அதையே கடைசியாக எடுக்க வேண்டும். துடுப்பை நீர்மட்டத்தில் வளைவாக விரித்து, இடுப்பால் உன்னை முதலில் நிமிர்த்தி, உன் தாழ்ந்த பின்தளத்தில் முதுகைச் சாய்த்து எழ வேண்டும். பனிக்கடலில் நீந்திப் பிழைக்க முடியாத வேடர்களுக்கு இது உயிர்க்கல்வி. ஈட்டிக் கயிறு கையைச் சுற்றிக்கொண்டால் ஒரு முறை, துடுப்பு போய்விட்டால் ஈட்டி எறிய உதவும் எறிகோலைப் பிடித்து எழ ஒரு முறை, அதுவும் இல்லையென்றால் வெறுங்கையால் ஒரு முறை. கிரீன்லாந்தின் போட்டிகளில் இன்று 30-க்கும் மேற்பட்ட முறைகளைச் செய்து காட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் இக்கட்டு இருக்கிறது. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கண்டுபிடித்ததை, நான் ஒரு நிதானமான கோடை நாளில், இடுப்பளவு நீரில் நின்ற ஆசிரியரின் கைப்பிடியில் கற்றேன்.

தோழி, ஹ்வாலர் தீவுகளுக்கு என்னை அழைத்துப்போனதற்கு நன்றி. 2009-இல் நோர்வே தன் முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த கரை அது. பெரிய படகுகள் விலகிப் போகும் இடுக்குகளில், ஒரு சாண் ஆழம் போதும் என்று நீ நுழைகிறாய். உன் துடுப்பு ஒடுங்கியது; சத்தமில்லாமல் நீரில் இறங்கி, சத்தமில்லாமல் ஏறும். ஈடர் வாத்துகள் குஞ்சுகளோடு பதறாமல் கடந்துபோகின்றன. கடல்நாய் ஒன்று பின்னால் வந்து தலையை நீட்டி நம்மைப் பார்த்திருக்கிறது. உன் வடிவம் அதன் இனத்தை நெருங்குவதற்காகவே உருவானது. அந்த வடிவில் உட்கார்ந்துகொண்டு, பார்ப்பதற்கு மட்டுமே வந்தவளாக நான் இருப்பதும் நீ தந்த சலுகைதான்.

தோழி, இந்த நாட்டு நான்சனும் உனக்குக் கடன்பட்டவர். கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்த ஃபிரித்யோஃப் நான்சன், 1888–89 குளிர்காலத்தை இன்றைய நூக் நகரில் கழித்தபோது அங்குள்ளவர்களிடம் கயாக் செலுத்தக் கற்றார். 1895-இல் தன் பயணத் துணைவர் யோஹான்சனோடு துருவத்தை நோக்கி நடந்தபோது மூங்கில் சட்டத்தில் பாய்த்துணி போர்த்திய இரண்டு கயாக்குகளைச் சறுக்குவண்டிகளில் இழுத்துச் சென்றார். 86 பாகை 14 கலை வடக்குவரை போய்த் திரும்பிய அந்த இருவரையும், பனி முடிந்து நீர் தொடங்கிய இடத்தில் சுமந்தவை அவைதான். வால்ரஸ் தன் தந்தத்தால் கிழித்த துளையையும் ஒட்டுப்போட்டுத் தொடர்ந்தார்கள். உடைந்தாலும் கையிலிருப்பதைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம் என்ற உன் குணம் அவர்களை வீடு சேர்த்தது.

தோழி, எல்லாரும் வீடு சேரவில்லை என்பதையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஸ்கொட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத் தொகுப்பில் உன் மூதாதை ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையோரம் அதிலிருந்து மீட்கப்பட்ட மனிதர் சில நாள்களிலேயே இறந்துபோனார். ஐரோப்பியக் கப்பல்கள் கிரீன்லாந்து மக்களைப் படகோடு பிடித்துக்கொண்டுபோன காலம் அது. அவர் பெயர் எழுதிவைக்கப்படவில்லை. அவர் மாருக்கும் இடுப்புக்கும் அளந்து கட்டிய படகு மட்டும் எஞ்சியிருக்கிறது. நீ எனக்குத் தரும் மகிழ்ச்சியில் அவருக்கும் பங்குண்டு. இந்த மடலில் அவரை நினைக்காமல் நான் உனக்கு நன்றி சொல்ல முடியாது.

தோழி, நீ தந்தவற்றுள் பெரியது இதுதான்: கைவேலை கையிலிருந்து கைக்கே போக வேண்டும் என்ற அறிவு. 1818-இல் ஜோன் ரோஸ் என்ற கடற்பயணி வடமேற்குக் கிரீன்லாந்து மக்களைச் சந்தித்தபோது அவர்களிடம் கயாக்கே இல்லை. கட்டத் தெரிந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். 1860களில் பாஃபின் தீவிலிருந்து கித்லார்சுவாக் தலைமையில் பனிக்கடல் தாண்டி வந்த சிறு கூட்டம் அதை அவர்களுக்கு மறுபடி கற்றுக்கொடுத்தது. இன்று நார்வால் திமிங்கிலத்தைக் கயாக்கிலிருந்தே ஈட்டி எறிந்து வேட்டையாடுபவர்கள் அந்த மக்களின் வழித்தோன்றல்கள். தெற்கிலும் மோட்டார்ப் படகு வந்தபின் நீ மறக்கப்படும் நிலையில் இருந்தாய். 1980களில் நூக் நகர இளைஞர்கள் மூத்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டுக் கற்று, சங்கம் வைத்து, உன்னை மீண்டும் நீரில் இறக்கினார்கள். ஒரு தலைமுறை கேட்காமல் விட்டிருந்தால் நீ எனக்கு அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால்தான் கிடைத்திருப்பாய்.

தோழி, என் மகள் என்னைவிட ஒரு சாண் உயரம் வளர்ந்துவிட்டாள். உன்னில் ஏறிப் பார்த்தாள்; முழங்கால் மாசிக்கில் இடித்தது. உன்னை அவளுக்கு எழுதிவைக்க முடியாது, அவள் அளவு வேறு. கொடுக்கக்கூடியது கட்டும் முறை மட்டுமே. அதனால் பைன் சட்டங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். பள்ளி விடுமுறையில் அவள் கைகளை விரித்து நிற்பாள், நான் அளப்பேன். ஆணி வேண்டாம் என்பதையும், மரம் ஆறுவதற்குள் வளைக்க வேண்டும் என்பதையும், அபர்தீனில் இறந்த அந்த மனிதரையும், பெயர் தெரியாத அந்தத் தையற்காரிகளையும் அவளுக்குச் சொல்வேன். உனக்குப் பட்ட கடனை உன்னிடமே அடைக்க வழியில்லை. அவளிடம் அடைக்கத் தொடங்குகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உன்னைத் தைத்தவள்