வேர்கள் பல, தாளம் ஒன்று

சித்தியவான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் கோயில் திருவிழா வந்துவிட்டால் உறுமியும் தப்பும் முழங்கும். பால்மரம் சீவிக் களைத்தவர்களுக்கு அந்த ஓசையே ஆறுதல். அமெரிக்காவில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களுக்கும் பாட்டே துணையாக இருந்தது. அவர்களிடையே பிறந்ததுதான் புளூஸ் இசை. அவ்வழியில் 1960களில் தோன்றிய ஃபங்க் இசை, தாளத்துக்கு முதலிடம் தந்தது.

அத்தகைய இசை நம் நாட்டு இளைஞர்களையும் ஈர்த்தது. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகமும் அவருடைய தம்பி லோகநாதனும் ‘அலிகேட்ஸ்’ குழுவில் பாடினர். தமிழரோடு பிற இனத்தவரும் அதில் இணைந்து இசைத்தனர். தொடக்கத்தில் ஆங்கிலப் பாடல்களைப் பாடியவர்கள், ஹாங்காங் கேளிக்கை மன்றங்களிலும் மேடையேறினர். பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ் பெற்றனர்.

‘நான் முந்திச் சென்றுவிட்டால்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர்களுக்கு ஒரு மலாய்ப் பாடல் உண்டு. 2007இல் தம்பி லோகநாதன் முந்திக்கொண்டார். இருகுரலில் ஒரு குரல் அடங்கியது. ஆயினும், அண்ணன் குழுவைக் கலைக்கவில்லை, தொடர்ந்து பாடினார்.

இன்று சித்தியவான் மாணவர் ஒருவர் கிதார் கற்கலாம். மற்றொருவர் உறுமி பழகலாம். ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றை மறக்க வேண்டியதில்லை. அடுத்தவரின் தாளத்துக்குச் செவிகொடுப்பவரே சேர்ந்து இசைக்க முடியும்.