திண்டிவனத்தில் ஒரு கிடார்

சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் உட்கார்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தீர்களானால், திண்டிவனத்தைப் பார்க்காமலே தாண்டிவிடுவீர்கள். சுமார் 125 கிலோ மீட்டர் வந்த வேகத்தில், புறவழிச் சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போய்விடும். ஒரு தடவையாவது உள்ளே இறங்கிப் பாருங்கள். புதுச்சேரிக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒன்று, வந்தவாசிக்கு ஒன்று, மரக்காணத்து உப்பளங்களுக்கு ஒன்று என்று, விரித்த கைவிரல்களைப் போலச் சாலைகள் பிரிகிற ஊர் இது.

ஒரு காலத்தில் புளியங்காடாம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. கோயிலில் இருக்கும் சிவனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர். ஆனால் வேளாண்மை உலகத்தில் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது புளியல்ல, வேர்க்கடலை. இங்கே அதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டைதான் வாயில் தேய்ந்து மல்லாட்டையாயிற்று. ஊரில் உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர் வைத்தார்கள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனமேதான்.

மல்லாட்டைக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வாருங்கள், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போவோம்.

அந்த வீட்டு அம்மாளுக்கு வயது ஐம்பத்தாறு. கல்யாணத்துக்கு முன் வீணையில் வர்ணம் வரை வாசித்தவர். கல்யாணமானதும் வீணை பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. (எத்தனை வீட்டுக் கதை இது!) பையன் வாங்கிய கிடார் ஒன்று, அவன் வேலைக்குப் போனபின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிற தை மாதம் கணவருக்கு அறுபதாம் கல்யாணம். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ பாட்டுக்கு இளையராஜா வைத்த கிடார் இசையென்றால் அவருக்கு உயிர். அதை அன்றைக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று அம்மாளுக்கு ஆசை. கணவருக்குத் தெரியாமல், அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் அப்பியாசம்!

நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் வேகம் வரவில்லை. வற்புறுத்தியதில் இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. “இந்த வயசில் இதெல்லாம் எதற்கு?” என்று கிடாரை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் புதுச்சேரியிலிருந்து வரும் வாத்தியார்ப் பிள்ளைக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். அவன் அவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி, விரலையே பார்த்தான்.

“அம்மா, நீங்கள் இன்னும் வீணைதான் வாசிக்கிறீர்கள்” என்றான்.

உண்மை அதுதான். வீணையில் கமகத்துக்காகத் தந்தியை அழுத்தி இழுக்க வேண்டும். கிடாரில் மெட்டுக்குச் சற்றுப் பின்னால், மெட்டை ஒட்டினாற்போல விரலை வைத்தால் லேசான அழுத்தமே போதும். நாதம் சுத்தமாக வரும். அம்மாளோ பழைய பழக்கத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நசுக்கிக்கொண்டிருந்தார். கட்டை விரலோ பின்பக்கத்தை இடுக்கிபோல் கவ்விக்கொண்டிருந்தது. இறுகிய கை எப்படி ஓடும்?

இன்னொன்றும் உண்டு. சரளி வரிசையில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று காலம் இரட்டிப்பாகும். எட்டு வயதில் கற்றுக்கொண்ட அந்தத் தாவலை ஐம்பத்தாறில் கிடாரிலும் தாவப் பார்த்தார். பிள்ளை கைபேசியில் நிமிஷத்துக்கு 60 தட்டு வைத்துக் கொடுத்தான். பிசகாமல் வந்தால் 64. அதுவும் வந்தால் 68. பிசகினால் பழைய இடத்துக்கே இறங்கிவிட வேண்டும். வலித்தால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டும். முழுப் பாட்டையும் திருப்பித் திருப்பி வாசிக்கக்கூடாது. தடுக்குவது எங்கோ இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில்தான், அந்த இரண்டை மட்டும் எடுத்துப் பழக வேண்டும் என்றான்.

அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. கூடத்தில் மாமியார் விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். விதைக் கடலையை இன்னும் கையால் உரிக்கிற வீடுகள் உண்டு. மேல் தோல் கிழிந்தால் முளைப்பு கெடும். எண்பது வயதுக் கிழவியின் முறம் நிரம்பிக்கொண்டே இருந்தது. அந்த விரல்களில் அவசரமே காணோம். நுனியில் ஓர் அழுத்தல், ஓடு திறக்கும், விரல் ஓரங்குலங்கூட மேலே எழும்பாமல் அடுத்த கடலைக்கு நகர்ந்துவிடும்.

“எப்படி அத்தை இவ்வளவு வேகமாக வருகிறது?” என்றார் மருமகள்.

“வேகமா? மெதுவாத்தானேம்மா உரிக்கிறேன்! அவசரப்பட்டா பருப்பு ஒடைஞ்சுபோகும்.”

பிள்ளை சிரித்துவிட்டான். அம்மாள் எழுந்து போய்க் கிடாரை எடுத்து வந்தார். அன்று விரலை எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தார்.

சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், இப்போது இன்னொரு கணக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது: 60, 64, 64, 60, 64, 68. போன வாரம் 76. பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். தை பிறக்க ஏழு வாரம் இருக்கிறது. கணவர் அந்த எண்களைப் பார்த்துவிட்டு, “பால்காரன் விலையை ஏற்றிவிட்டானா?” என்று கேட்டாராம்.