சீலிங் எப்ப அடிக்கிறியள்?

எங்கட பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் 'இன்ரீரியர்' என்ற சொல்லை எப்போது எடுப்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கூரை போட்டு, பூச்சுப் பூசி, மாபிள் பதித்து, குடிபூரலுக்கு நாளும் வைத்த பிறகு. வெளிநாட்டிலிருந்து கடைசிக் காசு வந்திருக்கும். "இனி இன்ரீரியரைச் செய்வம்" என்பார்கள். ஹோலுக்கு ஜிப்சம் சீலிங், அதற்குள் நிறம் மாறுகிற லைற், ரீவிச் சுவருக்குக் கல்லு மாதிரி ஒரு ஒட்டுத்தாள், யன்னலுக்கு இரண்டு அடுக்கு கேட்டின். செய்து தருகிறவரும் தன்னை 'இன்ரீரியர் டிசைனர்' என்றுதான் சொல்லுவார்.

அவர் செய்வது அலங்காரம், இன்ரீரியர் டெக்கரேசன். அதில் பிழை ஒன்றுமில்லை. வடிவான கேட்டின் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் டிசைன் வேறு வேலை, அது நடக்கவேண்டிய நேரமும் வேறு. கதவு எந்தப் பக்கம் திறக்கும், கட்டில் போட்ட பிறகு அலுமாரியைத் திறக்க இடம் இருக்குமா, பிளக் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துவிடுமா, பின்னேர வெயில் எந்த அறைக்குள் அடிக்கும், சமைக்கிறவர் தண்ணிக்கும் அடுப்புக்கும் இடையில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் நடப்பார் என்பதையெல்லாம், வீடு இன்னும் தாளில் பென்சில் கோடாக இருக்கும்போதே யோசிப்பது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் பதிவுபெற்ற இன்ரீரியர் டிசைனர் என்று போட்டுக்கொள்ளப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும், அலங்காரம் செய்கிறவருக்கு அது தேவையில்லை. எங்களுக்கு அந்தளவு சட்டம் வேண்டாம். கேட்டினை நாளைக்கே மாற்றலாம், கதவை மாற்ற மேசன் வேணும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கட்டினவர்களுக்கு இந்தச் சொல் இரண்டும் தெரியாது. ஆனால் நடுவில் வானத்தைப் பார்த்த முற்றம், அதைச் சுற்றி விறாந்தை, அதற்குப் பின்னால் அறைகள் என்று வைத்தபோது அவர்கள் டிசைன்தான் செய்தார்கள். சூடான காற்று முற்றத்தால் மேலே போகும். மழை உள்ளே விழும், ஆனால் அறை நனையாது. மிளகாய் காயப்போட, பிள்ளைகள் ஓட, கிழவிகள் இருந்து வெத்திலை போட எல்லாவற்றுக்கும் அதே முற்றம். இதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. யார் விறாந்தையோடு நிற்க வேண்டும், யார் உள்ளே வரலாம், பெண்கள் எந்த இருட்டில் புகை குடிக்க வேண்டும் என்பதையும் அந்த வீடுதான் தீர்மானித்தது. அதுவும் டிசைன்தான்.

(ஒரு பகிடி: கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்தது. கட்டடக்கலை மாணவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். பின்னாளில் அதைக் கழற்றிக்கொண்டுபோய் லுணுகங்கையில் திரும்பவும் கட்டினார்கள். நாங்கள் இங்கே இருந்த முற்றத்துக்கு மேல் சீற் போட்டு மூடிக்கொண்டிருக்கிறோம்.)

இந்த வித்தியாசம் காசுள்ளவர்களுக்கான கதை என்று நினைப்பவர்களுக்கு இரும்பு வீட்டை ஞாபகப்படுத்த வேண்டும். போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 65,000 வீடுகளை உருக்கினால் முன்கூட்டியே செய்து கொண்டுவந்து பொருத்தித் தரும் திட்டம் ஒன்று வந்தது. 2016இல் அதைப் பற்றி இங்கே நல்ல சண்டை. ஆர்சலர் மிட்டல் கம்பனியின் திட்டம், ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். தளபாடமும் ரீவியும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது வேறு கேள்விகள். இந்த வெக்கைக்குள் இரும்புச் சுவருக்குள் எப்படி இருக்கிறது? விறகு அடுப்பை எங்கே வைக்கிறது, புகைக்கூடு எங்கே? பிள்ளை கலியாணம் கட்டினால் ஒரு அறையை எப்படி இறக்கிக் கட்டுகிறது? அந்தக் காசில் பாதியிலேயே கல்வீடு கட்டலாமே? அதற்கு முன்னர் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்தது ஐந்தரை இலட்சம்தான். அது காணாமல் கடன்பட்டவர்கள் பலர். ஆனாலும் கட்டினவர்கள் சனம் தாங்களே. குசினி எந்தப் பக்கம் என்பதை வீட்டுக்காரி சொல்லலாம். இரும்பு வீட்டுத் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது. எங்களைக் கேட்டால், வீட்டுக்கு உள்ளே வைக்கிற சாமானை யோசித்தவர்கள், வீட்டுக்கு உள்ளே இருக்கப்போகிற ஆளை யோசிக்கவில்லை.

2022ஆம் ஆண்டும் ஒரு பரீட்சை வைத்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் இல்லை. ஏசியை நம்பிச் சின்ன யன்னல் வைத்த அறைகளில் சனம் இருக்க முடியாமல் விறாந்தையில் பாய் போட்டது. பன்ரி கபேட் அடித்த குசினிகள் பூட்டிக் கிடக்க, வளவுக்குள் மூன்று கல்லு வைத்துச் சமைத்தார்கள். பழைய அடுப்படியை இடிக்காமல் விட்ட வீடுகளில் அடுத்த வீட்டுப் பானையும் கொதித்தது.

எங்கட வீட்டுக்கு இந்தக் கேள்வி அம்மம்மாவின் வோக்கரோடு வந்தது. அம்மம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வரவேண்டிய நேரம். அதே மாதம்தான் கனடாவிலிருந்து மாமா ஹோல் சீலிங்குக்குக் காசு அனுப்பியிருந்தார், ஆவணித் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வருவதால். வோக்கரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் அதன் அகலம் 25 அங்குலம். பாத்ரூம் நிலைக்குள் இருந்த இடைவெளி 23. வாசலில் நாலு அங்குலப் படி வேறு. வீடு கட்டும்போது ஒன்றுக்கு இரண்டு தரம் நிலையம் எடுத்து, வாசல் எந்தத் திசை என்று சாத்திரம் பார்த்தார்கள். இந்தக் கதவுக்குள்ளால் ஒரு வயதுபோன ஆள் எப்படிப் போவார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அம்மம்மா உட்பட.

வீட்டில் மூன்று நாள் வாக்குவாதம். "அவ இன்னும் எத்தனை வருசம்..." என்று தொடங்கிய ஒரு பெரியவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வசனத்தை முடிக்கவில்லை. மாமாவுக்கு அம்மாவே போன் எடுத்தா. "உன்ர காசில சுவர் உடைக்கப்போறம்" என்று மட்டும் சொன்னா. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "எந்தச் சுவர்?" என்றார்.

மேசன் வந்து நிலையைக் கழற்றி 36 அங்குலத்துக்குக் கதவு வைத்தார். படியை எடுத்துச் சரிவாக்கினார். சுவரில் இரண்டு கைபிடிக் கம்பி. வழுக்குகிற மாபிளைக் கிளப்பிச் சொரசொரப்பானது பதித்தோம். மேசன்தான் கேட்டார், "லைற் சுவிச் வெளியில கிடக்கே, இரவில ஆச்சி என்ன செய்வா?" என்று. சுவிச்சையும் கட்டிலில் படுத்தபடி கை எட்டுகிற இடத்துக்கு இறக்கினோம். எங்களுக்குத் தெரிந்த நல்ல இன்ரீரியர் டிசைனர் அவர்தான்.

ஆவணியில் மாமா ஆக்கள் வந்தார்கள். ஹோலில் இருந்து அண்ணாந்தால் ஓடும் சிலாகையும் தெரியும், ஒரு பல்லியும் தெரியும். பார்க்க வருகிற சொந்தக்காரர் எல்லோரும் அண்ணாந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள். "சீலிங் எப்ப அடிக்கிறியள்?"

"குசினி முடியட்டும்" என்றா அம்மா. அடுத்ததாக அவ மேசனிடம் கேட்டிருப்பது, நின்று சமைக்கத் தன்ர உயரத்துக்கு ஒரு மேடையும், பின்பக்கம் புகைக்கூட்டோடு ஒரு விறகு அடுப்பும்.