கூரைச் சீற்றும் ஒரு நாள் கூலியும்

எங்கட ஊர்களில கூரையைப் பார்த்தே ஒரு வீட்டின் கதையைச் சொல்லிப்போடலாம். முதல் கிடுகு. வசதி வந்தவைக்கு ஓடு. இடம்பெயர்ந்த காலத்தில தறப்பாள், திரும்பி வந்து குடியேறினபோது தகரம். பிறகு கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் அஸ்பெஸ்டஸ் சீற். தகரத்தைவிட சீற்றுக்குக் கீழ வெக்கை குறைவு, கறல் பிடிக்காது. ஓட்டுக்குத் தேவையான அளவு மரமும் வேண்டாம், குரங்கு வந்து கழற்றிப் போடவும் ஏலாது. சீற் போட்ட ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் பார்த்துத்தான் போட்டது.

அதனால 'சீற்றுக்குக் கீழ இருந்தால் புற்றுநோய் வரும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்போதெல்லாம் எங்களுக்குக் கோபம்தான் வரும். அது முழுப்பொய் இல்லை. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல், கூரை மாற்றக் காசில்லாத சனத்துக்குப் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது? ஒரு சீற்றில் பெரும்பகுதி சீமெந்து. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அஸ்பெஸ்டஸ், அதாவது கிறைசோடைல் எனப்படும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் இழை. சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கும்வரை அந்த இழை பெரிதாக வெளியே வராது. வெட்டும்போது, துளைக்கும்போது, உடைக்கும்போது, பாசியைச் சுரண்டித் தேய்க்கும்போதுதான் தூசியோடு கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, இருமல்கூட வராது. மூச்சோடு உள்ளே போன இழைகளில் ஒரு பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் தழும்பாகி இறுகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா எல்லாம் இதனால் வரக்கூடியவை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார அமைப்பின் உறுதியான நிலைப்பாடு. புகைபிடிக்கும் ஒருவர் இந்தத் தூசியையும் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும்.

ஆக, கூரைக்குக் கீழ நித்திரை கொள்பவரைவிட, கூரைக்கு மேல கிறைண்டரோட நிற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். அவருக்கு அடுத்தது, வெட்டின தூசியைக் காய்ந்த விளக்குமாறால் கூட்டுகிற அக்காவுக்கு. அதற்கடுத்தது, வேலை உடுப்பை உதறித் தோய்க்கிற மனைவிக்கு. அஸ்பெஸ்டஸ் தொழிலாளரின் உடுப்பைத் தோய்த்ததாலேயே நோய் வந்த பெண்களைப் பற்றிப் பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது.

இது எங்களுக்கு வெறும் தகவலாக இல்லாமல் போனது, ஒரு சனசமூக நிலையத்தின் கூரை வேலைக்குச் சிரமதானம் கேட்டு எங்களைக் கூப்பிட்டபோது. மாரிக்கு முன்னம் ஒழுக்கை நிற்பாட்ட வேணும். இருபது பெடியள் வந்தால் ஒரே நாளில பழைய சீற் எல்லாத்தையும் அடிச்சு இறக்கிப்போடலாம் என்பது திட்டம். எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். மாட்டம் என்றால் வாசிகசாலைப் புத்தகங்கள் நனையும், பின்னேர வகுப்புக்கு வாற பிள்ளைகளுக்கு இடமில்லை. ஓம் என்றால் இருபது பேரும் அந்தத் தூசிக்குள்.

வேலைக்கு வந்த மேசன் அண்ணை சிரிச்சார். "தம்பியவை, நான் முப்பது வருசமா இதை வெட்டுறன். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை." அவர் நல்லா இருக்க வேணும் என்றுதான் எங்களுக்கும் ஆசை. ஆனால் இந்த நோய்கள் தலைகாட்டப் பத்து, இருபது, சில வேளை நாற்பது வருசமும் எடுக்கும். இருபது வயதில் சுவாசிச்ச தூசிக்கு ஐம்பது வயதில்தான் பதில் வரும். அதற்குள் எந்தக் கூரை, எந்த வேலை என்று ஆருக்கு ஞாபகம் இருக்கும்? மேசன்மாருக்கு நோய் வந்தாலும் அது இந்த வேலையால் வந்தது என்று எழுதப்படாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் சிரமதானம் நடக்கவில்லை. அண்ணையோடு சேர்ந்து சீற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரும்பாலானவை நல்லாத்தான் இருந்தன, அவற்றைத் தொடவில்லை. வெடித்திருந்த நாலு சீற்றை மட்டும் கழற்ற முடிவெடுத்தோம். பிள்ளைகள் வராத நாளில், நாலே பேர். முதலில் சவர்க்காரத் தண்ணி தெளித்து நனைத்தோம். சுத்தியலால் அடிக்காமல் போல்டுகளைக் கழற்றி, சீற்றை முழுசாகக் கயிற்றில் இறக்கினோம். ஒருவரும் சீற்றுக்கு மேல் கால் வைக்கவில்லை, ஏணியும் பலகையும்தான். பழைய சீற் சட்டென்று உடையும். அதற்குள்ளால் விழுந்து சாவதற்கு நாற்பது வருசம் தேவையில்லை. இறக்கினவற்றைத் தடித்த பொலித்தீனில் சுற்றி ஒட்டினோம். நிலத்தைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பொதிக்குள் போட்டோம். முகத்துக்கு எஃப்எஃப்பி3 மாஸ்க். துணி மாஸ்க்கும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் இந்த இழையை மறிக்காது. உடுப்பை அங்கேயே மாற்றி, வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோய்த்தோம். அரை நாள் வேலை ஒன்றரை நாள் எடுத்தது.

கழற்றின சீற்றைக் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் கொடுப்பது எங்கட வழக்கம். துண்டுகளை ஒழுங்கைக் கிடங்குக்குள் போட்டு நிரவுவதும் உண்டு. அதுக்கு மேலால் மோட்டார் சைக்கிள் ஓட ஓட, சீற் அரைபட்டுத் தூசியாகும். அஸ்பெஸ்டஸ் எரியாது, உக்காது. ஆகவே கழற்ற முன்னமே பிரதேச சபையோடு கதைத்து, எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்ய வேணும்.

பழைய வீட்டில் இதே கவனம் கேட்கிற வேறு வேலைகளும் உண்டு. பழைய கதவு, யன்னல் பெயின்றில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி மட்டத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி நிலத்தில் படிந்து, தவழும் குழந்தையின் கையால் வாய்க்குப் போகும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை. அதையும் நனைத்துத்தான் தேய்க்க வேணும். மாரியில் சுவரில் பிடிக்கும் பூஞ்சணத்துக்கு மட்டும் மருந்து வேறு. அதற்கு ஈரமே சாப்பாடு, எனவே முதலில் ஒழுக்கை அடைத்துக் காற்றோட்டம் விட வேணும். அதைச் செய்யாமல் மேலால் பெயின்ற் அடித்தால் அடுத்த மாரிக்குத் திரும்ப வரும்.

இதெல்லாம் ஒவ்வொரு வீடும் தனியாகச் சுமக்க வேண்டிய கவலையா? நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் 2018 தொடங்கிப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்கு வரும் அஸ்பெஸ்டஸில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சில நாள்களிலேயே அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போனது. தேயிலைக்கும் வழி திறந்தது. மலையகத்தில் கொழுந்து பறிப்பவரின் சோறும் கூரை வேலை செய்பவரின் நுரையீரலும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. இரண்டு பக்கத்திலும் நின்றது தொழிலாளர்தான்.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அஸ்பெஸ்டஸைத் தடைசெய்துவிட்டன. இங்கேயும் அஸ்பெஸ்டஸ் கலக்காத சீற் கடைகளில் கிடைக்கிறது. புதுசாய்ப் போடுபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் நாளைக்கே தடை வந்தாலும், ஏற்கெனவே போட்ட கூரைகள் இன்னும் பல வருசம் எங்கள் தலைக்கு மேல இருக்கும். அவற்றை ஒரு நாள் ஆரோ கழற்றத்தான் போகினம்.

நனைத்து, உடைக்காமல், மெதுவாகச் செய்தால் வேலை ஒரு நாள் கூடும். அந்தக் கூடின நாளுக்குக் கூலி கொடுக்க ஆள் இல்லையென்றால் எந்த மேசனும் மெதுவாகச் செய்யமாட்டார், அவரைக் குறை சொல்லவும் ஏலாது. ஆகவே அடுத்த முறை உங்கட வீட்டுக் கூரைக்கு ஆள் பிடிக்கிறபோது, மாஸ்க்கை நீங்களே வாங்கி வையுங்கோ, கிறைண்டர் வேண்டாம் என்று முதலே சொல்லுங்கோ. அந்த ஒரு நாள் கூலியையும் கணக்கில சேர்த்துப் பேசுங்கோ.