உறவுக்கு ஒரு சாட்சி

மனிதன் தன் முன்னோரை நினைவில் வைத்திருக்கும் எல்லை மிகவும் குறுகியது. அமாவாசைதோறும் எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்களைத் திருப்தி செய்கிறவர்கூடத் தந்தை, பாட்டன், கொள்ளுப்பாட்டன் என்று மூன்று தலைமுறையினரையும், தாயின் தந்தை வழியில் அவ்வாறே மூவரையும், அவர்களுடைய மனைவியரையுமே பெயர் சொல்லி அழைக்கிறார். அதற்கு மேற்பட்டவர்கள், எவ்வளவு சிறப்பாக வாழ்ந்திருந்தாலும், எத்தனை பிள்ளைகளைப் பெற்று வளர்த்திருந்தாலும், பெயரற்றவர்களாய் ஒரு பெருங்கூட்டத்தில் கலந்து போகிறார்கள். பத்துத் தலைமுறை பின்னோக்கி எண்ணினால் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் ஸ்தானங்கள் உண்டு. பழைய குடும்பங்கள் பத்திரமாகப் பாதுகாத்துவரும் வம்சாவளிப் பட்டியல்களிலோ ஆண்வழியாக ஒரே ஒரு கோடுதான் மேலே செல்கிறது. மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரும், முக்கியமாகப் பெண்மக்கள், அந்தக் காகிதத்தில் இடம்பெறாமலே மறைந்துவிட்டார்கள்.

இந்த மறதிக்கு ஓரளவு பரிகாரமாக இக்காலத்து விஞ்ஞானம் ஒரு சாதனத்தை நம் கையில் கொடுத்திருக்கிறது. அரைமணி நேரம் எதுவும் உண்ணாமலும் பருகாமலும் இருந்து, சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு குழாயில் உமிழ்நீரை நிரப்பி, மூடியைத் திருகி அனுப்பிவிட்டால், சில வாரங்களில் நம் டி.என்.ஏ. கூறும் செய்தி வந்து சேர்கிறது. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக நாம் பெற்ற 23 ஜோடிக் குரோமோசோம்களில் குறிப்பிட்ட பல லட்சம் இடங்களைப் படித்து, முன்பே பரிசோதனை செய்துகொண்டவர்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டு, இன்ன பிரதேசத்து மக்களோடு இவருக்கு ஒற்றுமை மிகுதி என்றும், இன்னார் இவருக்கு உறவினராக இருக்கக்கூடும் என்றும் சொல்கிறார்கள். இவற்றுள் ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் செல்கிறது. மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில் உள்ள டி.என்.ஏ.வோ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வந்து, மகள் வழியாகவே மேலும் தொடர்கிறது.

ஆனால் இந்தச் சாட்சியின் ஞாபகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மற்றக் குரோமோசோம்கள் எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை, சீட்டுக்கட்டைக் கலைத்துப் பாதியைக் கொடுப்பதுபோலக் கலைந்தே கைமாறுகின்றன. உடன்பிறந்தாரின் மக்கள் தமக்குள் சராசரியாக நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கு டி.என்.ஏ.வைப் பொதுவாகப் பெற்றிருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில் அது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதற்கும் அப்பால் போனால், உண்மையான உறவினர் இருவரிடையே பொதுவான துணுக்கு ஒன்றுகூடக் காணாமல் போவதும் சகஜம். ஆகவே பரிசோதனையில் ஒருவர் பெயர் வரவில்லை என்பதனால் அவர் உறவினரல்லர் என்று முடிவு கட்டிவிட முடியாது. இத்தனை குறை இருந்தும் இச்சாதனத்தின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டானதற்குக் காரணம் டர்பனிலிருந்து வந்த ஓர் அம்மையார்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் போன சரித்திரம் பலரும் அறிந்ததே. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரையில் 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகிய அனைத்தையும் கப்பல் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். தோட்ட முதலாளி தன் ஆளைத் தேடிப் பிடிப்பதற்காக எழுதிய அந்தப் பதிவேடு, நூற்றாண்டுக்குப் பின் பேரப்பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடிப் பிடிப்பதற்கு உதவுகிறது என்பது காலத்தின் நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அம்மையார் கொண்டுவந்த பதிவேட்டு நகலில், அவருடைய தாய்வழிக் கொள்ளுப்பாட்டி தனியாகக் கைக்குழந்தையோடு கப்பலேறியவள் என்று இருந்தது. வயது 22, ஜில்லா வட ஆற்காடு, இடது முழங்காலில் தழும்பு. கிராமத்தின் பெயர் ‘பாக்கம்’ என்று முடிகிறது என்பது மட்டும் தெளிவு. முன்பாதியை எழுதிய குமாஸ்தா தன் செவிக்கு எட்டியபடி எழுதியிருந்தார். அந்த ஜில்லாவில் பாக்கங்கள் எத்தனையோ! அம்மையாரின் டி.என்.ஏ. குறிப்போ அவர் தென்னிந்திய வம்சத்தவர் என்று அறிவித்தது. அதை அவர் முகத்தைப் பார்த்தே எவரும் சொல்லியிருக்கலாம். தாய்வழிக் கிளை, இந்தியப் பெண்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் எம் என்னும் பெருங்கிளையைச் சேர்ந்தது என்றும் இருந்தது. 50,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தக் கிளையைக் கொண்டு ஒரு கிராமத்துத் தெருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி திறந்தது வேறொரு வரியில். பிஜித் தீவில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவருக்குத் தூரத்து உறவினராகலாம் என்று குறிப்பு கூறியது. 1903 முதல் 1916 வரையில் சென்னையிலிருந்து பிஜிக்கும் ஒப்பந்தக் கப்பல்கள் சென்றன. அவற்றில் போனவர்களுக்கும் ஊரும் பேரும் எழுதிய சீட்டுகள் உண்டு. இருவரும் கடிதம் எழுதிக்கொண்டு, தத்தம் முன்னோரின் பதிவேட்டு நகலையும் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஜில்லாவும் தாலுகாவும் ஒன்றாக இருந்தன. பதிவேட்டு நகலில் சிதைந்திருந்த கிராமத்தின் பெயர் சீட்டில் துலக்கமாக இருந்தது. அந்த ஊருக்கு அம்மையாருடன் நானும் சென்றேன்.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் டி.என்.ஏ. என்றும் சதவிகிதம் என்றும் நாங்கள் சொன்னவற்றை அவர்கள் பொறுமையோடு கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அது இருக்கட்டும்மா. உங்க குலதெய்வம் எது?” அம்மையாருக்குத் தமிழ் சரளமாக வராது. ஆயினும் சிறிதும் தயங்காமல், “பச்சையம்மன். எங்க ஆயா ஆடி மாசம் பொங்கல் வைப்பாங்க. வாழ்முனிக்கும் வைப்பாங்க” என்றார். மண்டபத்தில் ஒரு சலசலப்பு உண்டாயிற்று. அந்தத் தேவியை வணங்குகிற பங்காளிகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று உடனே ஒரு சிறுவன் வழிகாட்ட வந்துவிட்டான். அத்தெருவின் கோடி வீட்டில் இருந்த மூதாட்டி, முழு விவரத்தையும் கேட்ட பிறகு, அம்மையாரின் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, “எங்க வூட்டுப் பொண்ணு பெத்த வழியாம்மா நீ? இத்தினி நாளா வராம இருந்துட்டியே. வா, உள்ள வா” என்று அழைத்துப் போனார். உமிழ்நீர் உறவு உண்டு என்று சொல்லிற்று. பதிவேடு ஊரைக் காட்டிற்று. பெண்கள் அடுப்பங்கரையில் விடாமல் காப்பாற்றி வந்த வழிபாடு வீட்டைக் காட்டிற்று. இம்மூன்றில் எது ஒன்று தனித்து நின்றிருந்தாலும் அந்த வாசலை அடைந்திருக்க முடியாது.

தமிழர்கள் இப்பரிசோதனையைப் படிக்கும்போது மனத்திற்கொள்ள வேண்டிய மற்றொரு விஷயமும் உண்டு. தாய்மாமனை மணப்பதும், அத்தை மகனையோ மாமன் மகளையோ மணப்பதும் நம்மிடையே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கின்றன. அதனால் ஒரே முன்னோர் இரண்டு மூன்று வழிகளில் நமக்கு முன்னோராகிறார். ஒரே சமூகத்தைச் சேர்ந்த இருவர் பல நூல்களால் பின்னப்பட்டவர்களாகிறார்கள். அத்தகைய மணங்கள் அரிதாகிவிட்ட ஐரோப்பிய வம்சத்தாரையே பெரும்பாலும் கொண்டு தொகுக்கப்பட்ட கணக்கின்படி பார்த்தால், ஆறு தலைமுறைக்கு அப்பாற்பட்ட நம் உறவினர்கூட நான்கு தலைமுறைக்குள் இருப்பவர்போலத் தோன்றக்கூடும். பிஜி ஆசிரியரும் டர்பன் அம்மையாரும் எத்தனையாவது தலைமுறையில் கூடுகிறார்கள் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. அதைப் பற்றி அவ்விருவருக்கும் கவலையும் இல்லை.

உறவைத் தேடுவதற்கு உதவும் இந்தச் சாதனத்தைச் சிலர் பெருமையைத் தேடுவதற்குப் பயன்படுத்துவதைக் காணும்போது வருத்தம் உண்டாகிறது. உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்து இளைஞரின் ஒய் குரோமோசோமில் எம் 130 என்னும் மிகப் பழைய அடையாளத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க அறிஞர் ஸ்பென்சர் வெல்ஸும் எடுத்துக்காட்டியபோது, ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதர்களின் சுவடு தமிழ்நாட்டில் இருக்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது. அது மகத்தான செய்தி. ஆனால் அந்த இளைஞரே முதல் இந்தியர் என்று பேசத் தொடங்கியது பிழை. அந்த அடையாளம் அவருடைய எண்ணற்ற முன்னோர்களில் ஒரே ஒரு தந்தைவழியைப் பற்றியது. அவருடைய அயல்வீட்டாரும், நாமும், உலகத்தில் உள்ள யாவரும் அவ்வளவே பழைமையானவர்கள். ஒருவருடைய வம்சம் மற்றவருடைய வம்சத்தைக் காட்டிலும் முந்தித் தொடங்கியதில்லை.

ஜாதிப் பெருமைக்கும் இதில் ஆதாரம் கிடையாது. ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக்குடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்திய நிலப்பரப்பின் மக்களில் ஏறக்குறைய எல்லாப் பிரிவினரும் இரண்டு பழங்கூட்டங்களின் கலப்பினால் உண்டானவர்களே என்று காட்டியது. 2013இல் வந்த அடுத்த ஆராய்ச்சி, அந்தக் கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாக நிகழ்ந்தது என்றும், பின்னரே அவரவர் தத்தம் கூட்டத்துக்குள் மட்டும் மணந்துகொள்ளும் வழக்கம் இறுகிற்று என்றும் கணித்தது. கலந்த பிறகு கதவை அடைத்துக்கொண்டவர்கள் நாம். தூய வம்சம் என்ற சான்றிதழை நாடி உமிழ்நீர் அனுப்புகிறவருக்கு, அப்படி ஒன்று இந்த மண்ணில் இல்லை என்பதே உண்மையான விடையாக வரும்.

தந்தைவழியே வம்சம் என்று எண்ணிக்கொள்ளும் வழக்கத்துக்கும் இது ஒரு திருத்தம் சொல்கிறது. 1485இல் போரில் மாண்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012இல் லெஸ்டர் நகரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தின் கீழிருந்து எடுக்கப்பட்டபோது, அவருடைய தமக்கையின் பெண்வழியில் வந்த, இக்காலத்தில் வாழும் இருவரின் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வே அவரை அடையாளம் காட்ட உதவிற்று. ஏட்டில் ராஜவம்சத்து ஆண்வழியென்று எழுதப்பட்டிருந்தவர்களின் ஒய் குரோமோசோமோ மன்னருடையதோடு பொருந்தவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏடுகள் கொண்டாடிய கோடு எங்கோ அறுந்திருக்க, யாரும் கொண்டாடாத கோடு அறாமல் வந்திருக்கிறது. டர்பன் அம்மையாரின் கொள்ளுப்பாட்டியின் தாய் யார் என்பதைப் பதிவேடு கேட்கவேயில்லை. அந்தப் பெயரறியாத் தாயின் முத்திரை மகளின் மகளுக்கும் அவள் மகளுக்குமாக இன்றளவும் அவர் உடலில் இருக்கிறது.

தாயைத் தேடும் மக்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களிற் பலருடைய காகிதங்கள் பொய்யானவை. நெதர்லாந்தின் விசாரணைக் குழு 2021இல் இத்தகைய முறைகேடுகளை அம்பலப்படுத்திய பின் வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பதையே அரசாங்கம் நிறுத்திவைத்தது. வளர்ந்த பிறகு தாய்நாடு திரும்பி, காகிதம் காட்டிய பெண்ணைத் தாயென்று கட்டித் தழுவியவர்களில் சிலர், பின்னர் பரிசோதனை செய்துபார்த்து அவர் தாயல்லர் என்று அறிந்து கலங்கியிருக்கிறார்கள். வேறு சிலர் அதே பரிசோதனையினால் உண்மைத் தாயை அடைந்திருக்கிறார்கள். காகிதம் பொய் சொன்ன இடத்தில் சத்தியத்தை உரைக்க இந்தச் சாட்சி ஒன்றுதான் அவர்களுக்கு எஞ்சியிருக்கிறது.

இதில் அபாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் அனுப்பும் உமிழ்நீர் அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் பற்றியும் பேசும். வீட்டில் மூடி வைத்திருந்த இரகசியம் வெளிவந்து ஒரு முதியவளின் மனத்தைப் புண்படுத்தவும் கூடும். இத்துறையில் பெயர்பெற்ற 23அண்ட்மீ நிறுவனத்திடமிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அது திவாலாகி நீதிமன்றத்தை நாடிற்று. ஆகவே குடும்பத்தாரோடு கலந்தாலோசித்து, எதை அறிய விரும்புகிறோம், அறிந்தபின் அதைத் தாங்குவோமா என்று சிந்தித்த பிறகே இதில் இறங்குவது விவேகம்.

ஊரும் உறவும் அறுபடாமல் வாழ்கிற நமக்கு இந்தப் பரிசோதனை அவ்வளவு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். நமக்குள்ள கடமை வேறு. டர்பனிலும் மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் பிஜியிலும் மலேசியாவிலும் இருந்து இனிமேல் வரப்போகிறவர்கள் பலர். அவர்கள் கையில் குறிப்பு இருக்கும், பதிவேட்டு நகல் இருக்கும். நம் பக்கத்தில் விடை சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் அவ்விரண்டும் பயனற்றுப் போகும். வீட்டில் பாட்டியோ பாட்டனோ இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து, அக்கரைக்குப் போய்த் திரும்பாதவர்கள் யார், வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களின் பெயர் என்ன, பாட்டியின் தாய் பிறந்த ஊர் எது, குலதெய்வம் எது என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். பெண்களின் பெயர்களை முதலில் எழுத வேண்டும். விஞ்ஞானம் உறவைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்த உறவை ஏற்று இன்னாரின் வழி நீ என்று சொல்வது மனிதர்களின் வேலை. அதற்கு வேண்டிய பெயர்களை நம் தலைமுறை மறந்துவிட்டால், எந்த ஆராய்ச்சிச் சாலையும் அவற்றை மீட்டுத் தர முடியாது.